கத்தியை அவுட் கொடுத்த தராசு

ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. யாராவது நடைவழியில் "தராசு வந்தாச்சா?" என்று கேட்டால், காதில் விழாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடப்பார். ஆனால் அன்று முழுக்க நடையில் ஒரு மிடுக்கு இருக்கும்.

கம்ப்யூட்டருக்குள் காற்றை ஓடவிடும் கணக்குமுறைகளில் எது தேவலை என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் அவருடைய வேலை. தொழிற்சாலைகளில் எரிவாயுக் குழாய்கள் இருக்கும், அழுத்தம் எகிறினால் தானாகத் திறந்துகொள்ளும் வால்வுகள் இருக்கும். வால்வு படக்கென்று திறந்தால் உள்ளே அடைந்து கிடந்த வாயு என்ன பாடு படும் என்பதை நிஜத்தில் செய்து பார்ப்பது கஷ்டம். கிட்டத்தில் நின்று பார்த்தவர் திரும்பி வந்து சொல்வது அதைவிடக் கஷ்டம். அதனால் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். தண்ணீர் என்றால் கணக்கும் சாதுவாக இருக்கும், அமுக்கினாலும் அமுங்காது. காற்று அப்படியில்லை. அமுக்கினால் அமுங்கும், விட்டால் விரியும், அவசரப்படுத்தினால் தனக்கு முன்னால் ஒரு மெல்லிய அழுத்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு ஓடும். அதற்குத்தான் அதிர்ச்சி அலை என்று பெயர். கணக்குப் போடுகிறவர்களின் நிம்மதியைக் கெடுப்பதற்கென்றே பிறந்தது அது.

குழாயைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு வாயு வந்தது, எவ்வளவு போனது என்று பார்த்துக்கொண்டே போவதுதான் எல்லா முறைகளுக்கும் அடிப்படை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் சண்டை. அந்தக் கூடத்தில் மூன்று முறைகள், மூன்று நிரல்கள், மூன்றுக்கும் பட்டப்பெயர்கள்.

முதலாவது பெரியவர். ஆய்வுக்கூடத் தலைவர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் எழுதியது. எதைக் கொடுத்தாலும் மளமளவென்று முடித்துவிடும், முரண்டு பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒரே குறை, செங்குத்தாக நிற்கவேண்டிய அந்த அழுத்தச் சுவரைக் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிற மேடாக மழுப்பிவிடும். இரண்டாவது துள்ளி. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். சுவர் கிட்டே வந்தாலே மேலும் கீழும் துள்ளும். சில சமயம் காற்றின் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது என்று கூசாமல் சொல்லும். மூன்றாவது கத்தி. சுவரை இரண்டே கட்டத்துக்குள் நறுக்கென்று நிறுத்தும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நிதானமாக யோசிக்கும், அதனால் நேரம் பிடிக்கும்.

கத்தியை எழுதியவர் மூலை அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் தராசின் மனைவி.

இப்படி இருக்கையில் நிர்வாகக் குழு ஒருநாள் திடீரென்று விழித்துக்கொண்டது. ஒரு வேலைக்கு எதற்கு மூன்று நிரல், ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மூட்டை கட்டுங்கள் என்று உத்தரவு போட்டது. எதை வைத்துக்கொள்வது என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பைத் தலைவர் தராசிடம் கொடுத்தார்.

"சார், அதுல ஒண்ணு என் வீட்டுக்காரம்மா எழுதினது" என்றார் தராசு.

"தெரியுமே" என்றார் தலைவர். "அதனால என்ன? உங்க முடிவுன்னா யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க. நல்லா யோசிச்சுத்தான் கொடுக்கறேன்."

தராசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலைவர் அதைச் சொன்னபோது லேசாகக் கண்ணைச் சிமிட்டினார் என்பதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

இந்தப் பெயர் ஒன்றும் சும்மா வந்ததில்லை. சின்ன வயதில் தெருவில் பந்தும் மட்டையுமாக ஆடும்போது, அவருக்குச் சரியாக ஆட வராது என்பதால் அம்பயராக நிறுத்துவார்கள். ஒரு முக்கியமான ஆட்டத்தில் அவருடைய தம்பி தனியாளாக நின்று அடித்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் அடித்தால் ஜெயித்திருப்பான். அடுத்த தெருக்காரர்கள் "அவுட்!" என்று கத்தினார்கள். பந்து மட்டையில் பட்டதா என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் அண்ணன்காரனைப் பார்த்தார்கள். அவர் விரலை உயர்த்திவிட்டார். தம்பி மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். அடுத்த தெருக்காரர்களோ "இவன்டா நியாயஸ்தன்" என்று இவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்த தெருவை அவர் வாழ்நாளில் மறக்கவில்லை.

பிறகு மகள் பள்ளியில் ஓவியப் போட்டி நடந்தபோது இவரை நடுவராகக் கூப்பிட்டார்கள். மகள் மழையில் நிற்கிற ஒரு பேருந்தை வரைந்திருந்தாள். பார்த்தவர்கள் குடையைத் தேடும் அளவுக்கு மழை இருந்தது அதில். அவர் இரண்டாம் பரிசு கொடுத்தார். தலைமையாசிரியை மேடையிலேயே அவருடைய நேர்மையைப் புகழ்ந்து பேசினார். மகள் அந்த ஓவியத்தைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள். அது அங்கேயேதான் இருக்கிறது.

ஒப்பீடு ஆரம்பித்த அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டார்.

"இது முடியற வரைக்கும் வீட்ல காத்து, குழாய், கட்டம் எதைப் பத்தியும் பேசக்கூடாது."

"மின்விசிறி போடலாமா? அதுவும் காத்துதான்" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாதே. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"சரிங்க. நீங்க எனக்குச் சாதகமா எதுவும் செய்யவேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்க, போதும். கத்திக்கு அது போதும்" என்றாள். அவளுடைய குரலில் கவலையே இல்லை. அவரைத்தான் அது கொஞ்சம் கவலைப்பட வைத்தது.

அலுவலகத்தில் மனைவியோடு டீ குடிப்பதை நிறுத்தினார். உணவறையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கத்திக்கான உள்ளீட்டில் ஒரு சந்தேகம் வந்தபோது, பத்தடி தள்ளி இருக்கிற மூலை அறைக்குப் போய்க் கேட்காமல், "ஐயா / அம்மா" என்று ஆரம்பித்து அலுவல்முறைக் கடிதம் அனுப்பினார். பாரபட்சம் இருக்கக்கூடாது என்று அதே கடிதத்தைத் துள்ளியை எழுதியவருக்கும் அனுப்பினார். அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று அது திரும்பி வந்தது.

ஒப்பிடுவதற்கு அவர் எடுத்துக்கொண்டது, நேரான ஒரு குழாய். நடுவில் ஒரு தடுப்பு. ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. தடுப்பை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கையால் போட்ட சரியான விடை புத்தகத்திலேயே உண்டு. அந்த விடைக்கு எது பக்கத்தில் வருகிறதோ அது கெட்டிக்காரன்.

முதலில் மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் கொடுத்து ஓட்டினார். துள்ளி வழக்கம்போலத் துள்ளிக் குதித்து நடுவழியில் மூச்சடைத்து விழுந்தது. பெரியவர் சுவரை மேடாக்கிக் கொடுத்தார். கத்தி போட்ட கோடு சரியான விடையின் மேல் அச்சாகப் படிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் அவரால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

வேறொருவராக இருந்தால் மனைவிக்குப் பூ வாங்கிக்கொண்டு போயிருப்பார். தராசு கம்ப்யூட்டர் திரையை அணைத்தார். உணவறையில் என்ன பேசுவார்கள் என்பது இப்போதே அவர் காதில் கேட்டது. 'பெண்டாட்டி நிரல் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சிருச்சாம்! ஜெயிக்காம?' அந்த ஒரு சிரிப்பைக் கேட்டால், தெருவில் தோளில் தூக்கியதிலிருந்து சேர்த்துவைத்த பெயரெல்லாம் காற்றோடு போய்விடும்.

ஒரே எண்ணிக்கையில் கட்டம் கொடுப்பது நியாயமா என்று யோசிக்க ஆரம்பித்தார். யோசிக்க யோசிக்க நியாயமில்லை என்று பட்டது. கத்தி மெதுவாக ஓடுகிறது, பெரியவர் வேகமாக ஓடுகிறார். அப்படியானால் இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்துப் பார்ப்பதல்லவா முறை? கத்தி ஒரு தடவை ஓடுகிற நேரத்தில் பெரியவர் இன்னும் பொடிப்பொடியான கட்டங்களை வைத்து ஓடிவிடலாமே. வைத்து ஓட்டினார். கட்டங்கள் பொடியாக ஆக, மேடு குறுகி ஏறக்குறையச் சுவராக நிமிர்ந்தது. மயிரிழையில் பெரியவர் முந்தினார். தராசுக்குப் பல நாள் கழித்து நல்ல பசி எடுத்தது.

இதிலே ஒரு விஷயம் இருக்கிறது. நேரான குழாயில் ஒரே ஒரு திசைதான். கட்டத்தைப் பாதியாக்குவது சுலபம். நிஜமான வால்வு அப்படியில்லை; நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கவேண்டும், போதாததற்குக் காலத்தையும் இரட்டை மடங்காக நறுக்கவேண்டும். வேலை பதினாறு மடங்கு ஏறிவிடும். அங்கே பெரியவரால் கட்டத்தைப் பொடியாக்கித் தப்பிக்க முடியாது. வெறும் வேகம் அங்கே உதவாது, கத்திதான் ஜெயிக்கும். இது தராசுக்குத் தெரியும். தன் அறிக்கையின் வரைவில் அதை ஒரே வாக்கியமாக எழுதியும் இருந்தார்: 'எனினும், உண்மையான வால்வுகளில் இந்த முடிவு தலைகீழாக மாறக்கூடும்.'

படித்துப் பார்த்தார். மனைவிக்காக வக்காலத்து வாங்குகிற மாதிரி இருந்தது. நீக்கிவிட்டார். ஒரே எண்ணிக்கையில் கட்டம் கொடுத்து ஓட்டிய முதல் அட்டவணையையும் சேர்த்து எடுத்துவிட்டார். அறிக்கை சுத்தமாக இருந்தது.

கூட்டத்தில் அவர் முடிவைப் படித்தார். 'பெரியவரே தொடரலாம்' என்ற வரி வந்ததும் குழுவில் இருந்த ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். "சொந்த மனைவியோடதைக்கூட விடலை பாருங்க, இதுதான் நேர்மை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஒருவர் சத்தமாகவே சொன்னார். தராசுக்கு உடம்பு சிலிர்த்தது. தலைவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. தன்னடக்கம் என்று தராசு நினைத்துக்கொண்டார். மூலை அறைக்காரி கைதட்டலுக்கு நடுவே எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் ஒரு முனையைப் பிடிக்கப் போனார். அவள் தானே மடித்து முடித்தாள்.

"ஒரே நேரம் கொடுத்து ஒப்பிட்டீங்க. அதுல ஒண்ணும் தப்பில்லை" என்றாள். "ஒரே கட்டம் கொடுத்து ஓட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"யார் ஜெயிச்சா?"

"நீ."

"அந்த அட்டவணை எங்கே?"

"ரெண்டையும் போட்டா குழப்பம்னு..."

"சரி, அது போகட்டும். பதினாறு மடங்குன்னு ஒரு விஷயம் இருக்கே, அது எங்கே?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் வேலையில சேர்ந்த புதுசுல, நேர்க் குழாய்ல கிடைச்ச விடையை நம்பி வால்வுக்குள்ள போகாதேன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? நீங்க என்கிட்ட பேசின முதல் பேச்சே அதுதாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் கத்தியையே எழுத ஆரம்பிச்சேன்."

"நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு..." என்று இழுத்தார்.

"அந்த நாலு பேர் நல்லாத்தான் சொன்னாங்க. நானும் கேட்டேன். கைகூடத் தட்டினாங்க" என்றாள். பிறகு அவள் கோபமாக ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டினால் பதிலுக்கு ஏதாவது ஒப்பிட்டுச் சொல்லியிருப்பார்.

மறுநாள் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்கதவைச் சாத்தினார்.

"என்னய்யா இப்படிக் காலை வாரிட்டீங்க?"

தராசுக்குப் புரியவில்லை. "நீங்க எழுதினதுதானே சார் ஜெயிச்சிருக்கு."

"அதைத்தான் சொல்றேன்! அந்தக் கிழத்தை எப்படா மூட்டை கட்டறதுன்னு நான் தவிச்சுக்கிட்டிருந்தேன். அதுல எங்க எந்தப் பொத்தல் இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்? இன்னைக்கும் ஏதாவது ஓடலைன்னா என்னைத்தான் தூக்கத்துலேர்ந்து எழுப்பறாங்க. ஆனா நான் எழுதினதை நானே மட்டம்னு எப்படிச் சொல்றது? அதான் உங்ககிட்ட கொடுத்தேன். பெண்டாட்டி எழுதினதை ஜெயிக்க வைக்காத புருஷன் உலகத்துல இருப்பானான்னு நினைச்சேன். உங்க பேரும் பெரிய பேரு, யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. எனக்கும் நிம்மதி, அந்தம்மாவுக்கும் நியாயம். கண்ணைக்கூடக் காட்டினேனே!"

இத்தனை வருஷத்தில், தராசு சொந்த மனைவி பக்கம் சாய்வார் என்று அவரை நம்பிய ஒரே மனிதர் தலைவர்தான். அந்த நம்பிக்கையும் பாழானது.

"சார், ஒரு அட்டவணை விட்டுப்போச்சு. ஒரு வாக்கியமும் இருக்கு. சேர்த்துத் திருப்பி அனுப்பட்டுமா?" என்றார் தராசு.

"இப்பவா? குழு கையெழுத்துப் போட்டாச்சு. எனக்குப் பாராட்டுக் கூட்டம் வேற வைக்கறாங்களாம்." தலைவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "கத்தியை நிறுத்திட்டுப் பெரியவரைப் பார்த்துக்கற பொறுப்பை உங்க வீட்டம்மாகிட்ட கொடுக்கச் சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு அனுபவம் இருக்காம்."

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குத் தம்பி சாப்பிட வந்தார். அவர் இப்போது லாரிகளுக்கு பிரேக் சரிபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். வயிறு முன்னால் வந்துவிட்டது, முடி பின்னால் போய்விட்டது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. மேசையைச் சுற்றி நால்வர்: அண்ணன், தம்பி, மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள். வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் பாத்திரங்களே பேசிக்கொண்டிருப்பதைத் தம்பி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன அண்ணி, ஏதாவது நடந்துச்சா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தன் பக்கத்துக்கு ஒரு வார்த்தை அதிகம் போடவில்லை. அவள் அறிக்கை எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பாள். தம்பி குழாயையும் கட்டத்தையும் கையை விரித்து அளந்து பார்த்து, ஏதோ புரிந்துகொண்டவர் மாதிரி தலையாட்டினார். கடைசியில் கைதட்டினார்கள் என்பதைக் கேட்டதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ அண்ணி, உங்களையும் அவுட் கொடுத்துட்டானா?"

மனைவி நாலு நாளைக்கப்புறம் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வரும்வரை வந்தது. அது சிரிப்புத் தண்ணீர்தானா என்று தராசுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"அது அவுட்தான்டா" என்றார், பழக்க தோஷத்தில். "பந்து உன் மட்டையோட விளிம்புல..."

"விடுண்ணா." தம்பியிடம் கோபம் இல்லை. "அடுத்த தெரு கேப்டன் இப்போ என் பட்டறைக்குத்தான் வண்டி விடறான். ஒருநாள் கேட்டேன். 'நீ அவுட் இல்லேன்னு எங்களுக்கு அப்பவே தெரியும்டா'ன்னான். அதனாலதான் அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உன்னையே அம்பயரா வேணும்னு கேட்டு வாங்கினாங்களாம். உங்க அண்ணன் இருந்தா உங்க பக்கம் ஒரு ஆள் குறைவுன்னு சொல்லிச் சிரிச்சான்."

தராசு தோளில் தூக்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவரும் அப்போது சிரித்தார், அதே காரணத்துக்கு என்று எண்ணிக்கொண்டு.

"உங்க நியாயத்துக்கு எப்பவும் வீட்டு ஆளுங்கதாங்க செலவாகறோம்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுத் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள்.

தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். குற்றம் சாட்டுகிற முகமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற முகமாக இருந்தது.

"அப்பா," என்றாள். "அப்போ என் பஸ்?"

எதைக் கேட்டாலும் ஒருபுறம் பார்த்தால் இப்படி, மறுபுறம் பார்த்தால் அப்படி என்று ஆரம்பிக்கிற மனிதர் அவர். வாயைத் திறந்தார். இரண்டு புறமும் வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கை எட்டவில்லை. மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வந்து அலமாரியின் மறுமுனையைப் பிடித்தாள்.